வாரம் ஒரு ராத்திரி சென்னையில தங்கணும்: லாட்ஜா, பிஜியா, இல்ல போயிட்டு வந்துடலாமா?



விழுப்புரத்துல வீடு, கிண்டியில ஆபீஸ். இல்லன்னா திண்டிவனத்துல வீடு, ஓஎம்ஆர்ல ஆபீஸ். கொரோனா சமயத்துல ஊருக்கு வந்து, வீட்டுச் சாப்பாட்டோட வேலை பார்த்துப் பழகிட்டோம். இப்போ கம்பெனி "வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் வந்தாகணும்"னு மெயில் போட்டுடுச்சு. ரெண்டு நாளுக்கு நடுவுல வர்ற அந்த ஒரு ராத்திரிக்கு எங்க தங்குறது? அதுக்கு எவ்வளவு ஆகும்? இதுதான் இன்னைக்குப் பதிவு.

"சென்னையில சீப்பான ரூம் லிஸ்ட் கொடுங்க சார்"னுதான் பல பேர் கேக்குறாங்க. லிஸ்ட் கொடுத்தா மூணு மாசத்துல ரேட் மாறிடும். அதனால, எந்த ரேட் வந்தாலும் நீங்களே முடிவெடுக்கிற மாதிரி ஒரு கணக்கைச் சொல்லித் தரேன். அதுக்கு முன்னாடி, நிறைய பேர் கேக்காம விட்டுடுற ஒரு கேள்வி இருக்கு. அந்த ராத்திரிக்கு யார் காசு கட்டணும்? நீங்களா, உங்க கம்பெனியா?

முதல் கேள்வி: உங்க "பேஸ் லொகேஷன்" எது?

திண்டிவனத்துல இருந்து ஒரு தங்கச்சி போன வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போட என்கிட்ட வந்தாங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் பார்த்தப்போ வாராவாரம் லாட்ஜ், கேப், ஹோட்டல்னு செலவு போயிருக்கு. கேட்டா, "டீம் லீட் வாரம் ரெண்டு நாள் வரச் சொன்னாரு சார், அதான் போறேன். ஒன்பது மாசமா போயிட்டிருக்கேன்"னாங்க.

அவங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை வாங்கிப் பார்த்தேன். மூணாவது பக்கத்துல, வேலை செய்யும் இடம்னு திண்டிவனம் வீட்டு முகவரி போட்டிருக்கு. அதாவது கம்பெனி கணக்குப்படி அவங்க வேலை இடம் திண்டிவனம். சென்னைக்கு வர்றது அலுவலகப் பயணம். அந்த கம்பெனியோட டிராவல் பாலிசியில ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியா லிமிட் இருந்துச்சு. ஆனா பில்லை 60 நாளுக்குள்ள போடணும்னும் ஒரு வரி இருந்துச்சு. கடைசி ரெண்டு மாசப் பணம் மட்டும் கிடைச்சது. மத்த ஏழு மாசச் செலவு அவங்க கைக்காசு.

அந்தப் பொண்ணு ஏமாந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். யாரும் மறைக்கல. அந்தத் தாள் அவங்க மெயில்லயே இருந்துச்சு, யாரும் திறந்து படிக்கல, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிர் கேஸும் பார்த்திருக்கேன். விக்கிரவாண்டிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர். லெட்டர்ல வேலை இடம் சென்னை. வீட்ல இருந்து வேலை பார்க்கிறது கம்பெனி கொடுத்த ஒரு சலுகை. அவர் ஒரு வருஷ லாட்ஜ் பில்லையும் பத்திரமா சேர்த்து வச்சு, "இதை டாக்ஸ்ல கழிச்சுடுங்க சார்"னு நீட்டினார். முடியாதுன்னு சொல்ல எனக்கே சங்கடமா இருந்துச்சு.

சட்டம் என்ன சொல்லுது? ஒரு ஊழியர் தன்னோட வழக்கமான பணியிடத்தை விட்டு வேலைக்காக வெளியூர் போறப்போ, பயணச் செலவுக்கும் தங்குற, சாப்பிடுற தினச் செலவுக்கும் கம்பெனி கொடுக்கிற தொகைக்கு, நிஜமா செலவழிச்ச அளவுக்கு வரி கிடையாது. பழைய வரி முறை, புதிய வரி முறை ரெண்டுலயும் இது உண்டு. ஆனா வீட்ல இருந்து வழக்கமான ஆபீஸுக்குப் போறது "டூர்" இல்ல. விழுப்புரம் டு சென்னை 160 கிலோமீட்டரா இருந்தாலும் சரி, ஒரு ராத்திரி தங்கினாலும் சரி, உங்க பணியிடம் சென்னைன்னா அது ஆபீஸுக்குப் போயிட்டு வர்றதுதான். அதுக்கு கம்பெனி ஏதாவது பணம் கொடுத்தா அது சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு உட்படும். நீங்களே செலவழிச்சா அதைச் சம்பளத்துல இருந்து கழிக்க வழி இல்ல.

அதனால இன்னைக்கே எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. மூணு கேள்வி போதும்:

1. ரெக்கார்டுல என் பேஸ் லொகேஷன் எது?
2. நான் சென்னை ஆபீஸுக்கு வர்றதுக்கு டிராவல் பாலிசி பொருந்துமா? ஒரு ராத்திரிக்கு லிமிட் எவ்வளவு?
3. பில் யார் பேர்ல இருக்கணும், எத்தனை நாளுக்குள்ள போடணும்?

போன்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. நாளைக்கு மேனேஜர் மாறினாலும் அந்தப் பதில் உங்க கையில இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: பணியிடம் சென்னைன்னு தெரிஞ்சே "டூர்"னு போட்டு பில் கொடுக்காதீங்க. தப்பான கிளெய்ம் வேலைக்கே வேட்டு வைக்கும்.

பேஸ் லொகேஷன் உங்க ஊர்னு பதில் வந்தா, பாலிசி லிமிட்டுக்குள்ள நல்ல ரூமா எடுத்துத் தங்குங்க, பில்லை அந்த வாரமே போடுங்க. சென்னைன்னு வந்தா, செலவு உங்களோடது. அடுத்து வர்ற கணக்கு உங்களுக்குத்தான்.

ரெண்டாவது: ரூம் வாடகையைப் பார்க்காதீங்க, ராத்திரியோட முழுச் செலவைப் பாருங்க

ஒரு உதாரணம் போடலாம். இந்த எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

விழுப்புரத்துல வீடு, கிண்டியில ஆபீஸ். செவ்வாய், புதன் ஆபீஸ் நாள். பஸ், உள்ளூர் பஸ் எல்லாம் சேர்த்து ஒரு தடவை போய் வர 400 ரூபாய். ஒரு வழிக்கு வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வாசல் வரை மூணே முக்கால் மணி நேரம்னு வைங்க.

முதல் வழி: ரெண்டு நாளும் போயிட்டு வந்துடுறது. வாரச் செலவு 800 ரூபாய்.

ரெண்டாவது வழி: ஒரு ராத்திரி லாட்ஜ். போய் வர 400. ரூம் 900, அதுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 45, ஆக 945. ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் 250. லாட்ஜுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல ஆட்டோ, பஸ் 100. மொத்தம் 1,695 ரூபாய்.

வித்தியாசம் 895 ரூபாய். "ஐயோ, டபுள்"னு தோணும். ஆனா அந்த 895 ரூபாய்க்கு நீங்க வாங்குறது ரூமை மட்டும் இல்ல. ராத்திரி திரும்பி வர்ற மூணே முக்கால் மணி நேரம், மறுநாள் விடியக்காலை மறுபடி போற மூணே முக்கால் மணி நேரம். ஆக ஏழரை மணி நேரம். ஒரு மணி நேரம் சுமார் 120 ரூபாய்.

இப்போ உங்க சம்பளத்தை மணிக்கணக்குல பாருங்க. கைக்கு வர்ற சம்பளம் 40,000, மாசம் 200 மணி நேரம் வேலைன்னா, ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய். 120 கொடுத்து மிச்சம் பண்றது நஷ்டம் இல்ல. சம்பளம் 20,000-னா மணிக்கு 100 தான். அப்போ லாட்ஜ் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. டார்மிட்டரி, ஷேரிங்னு இறங்கிப் பார்க்கணும். நான் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணப்போ கிடைச்ச ஸ்டைபண்டுக்கு லாட்ஜைக் கனவுல கூட நினைக்க முடியாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நண்பன் ரூம்ல தரையில பாய் விரிச்சுப் படுத்தவன்தான் நானும். அது அப்போ என் கணக்குக்குச் சரி. 35 வயசுல அதையே பண்ணா முதுகு கேள்வி கேக்கும்.

மூணாவது: எத்தனை ராத்திரின்னு எண்ணுங்க, அப்புறம் பிஜி பத்தி யோசிங்க

"பேசாம ஒரு பிஜி போட்டுடலாமே, மாசம் 7,000 தானே, சாப்பாடும் உண்டு"ன்னு அடுத்து தோணும். இதுக்கு ஒரு எளிய வகுத்தல் இருக்கு.

பிஜி மாச வாடகை ÷ லாட்ஜ்ல ஒரு ராத்திரியோட முழுச் செலவு = சமமாகிற ராத்திரி எண்ணிக்கை.

நம்ம உதாரணத்துல ஒரு ராத்திரிக்கு 945 + 250 + 100 = 1,295. 7,000-ஐ 1,295-ஆல வகுத்தா 5.4. அதாவது மாசம் 5 ராத்திரி வரைக்கும் லாட்ஜ் லாபம். 6 ராத்திரி ஆனா பிஜி லாபம்.

வாரம் ஒரு ராத்திரின்னா மாசத்துக்கு நாலு, அதிகபட்சம் அஞ்சு. ஆக லாட்ஜ். வருஷக் கணக்காவும் பாருங்க. லீவு, பண்டிகை போக 46 வாரம்னு வைங்க:

போயிட்டு வர்றது: 800 × 46 = 36,800 ரூபாய்.
வாரம் ஒரு லாட்ஜ் ராத்திரி: 1,695 × 46 = 77,970 ரூபாய்.
பிஜி: 7,000 × 12 = 84,000. அதோட பயணம் 400 × 46 = 18,400. மொத்தம் 1,02,400 ரூபாய்.

லாட்ஜை விட பிஜி வருஷத்துக்கு 24,430 ரூபாய் அதிகம். இதுல பிஜி அட்வான்ஸைச் சேர்க்கல. காலி பண்றப்போ "மெயின்டனன்ஸ்"னு ஒரு தொகை பிடிப்பாங்க, ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கலன்னா ஒரு மாச வாடகை போகும். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

ஆனா கம்பெனி "இனிமே மூணு நாள்"னு சொன்ன அன்னைக்கு இந்தக் கணக்கு தலைகீழாயிடும். தொடர்ந்து மூணு நாள்னா வாரம் ரெண்டு ராத்திரி, மாசம் எட்டு ஒன்பது. அப்போ யோசிக்காம பிஜி. அதனால பாலிசி மாறுறப்போ எல்லாம் இந்த வகுத்தலை மறுபடி போடுங்க.

டார்மிட்டரி பெட் 500 ரூபாய்க்குக் கிடைச்சா? 525 + 250 + 100 = 875. 7,000 ÷ 875 = 8. மாசம் எட்டு ராத்திரி ஆனா டார்மிட்டரி பிஜிக்குச் சமம்.

காசே செலவாகாத ஒரு வழி

எல்லாத்துக்கும் முன்னாடி மேனேஜர்கிட்ட ஒண்ணு கேளுங்க: ரெண்டு ஆபீஸ் நாளையும் அடுத்தடுத்து வச்சுக்கலாமா? செவ்வாய், வியாழன்னு இருந்தா ரெண்டு தடவை தனித்தனியா போய் வரணும், தங்கினாலும் பிரயோஜனம் இல்ல. செவ்வாய், புதன்னு ஆனா ஒரே பயணம், ஒரே ராத்திரி. திங்கள்கிழமை வேண்டாம்னும் கேட்டுப் பாருங்க. ஞாயிறு ராத்திரியும் திங்கள் காலையும் விக்கிரவாண்டி, பரனூர் டோல்கேட்ல நிக்கிற வரிசை நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

எந்த ஏரியாவுல தங்குறது?

இங்க பல பேர் பழைய ஞாபகத்துலயே இருக்காங்க. "கோயம்பேடு பக்கம் லாட்ஜ் பாரு"ன்னு அப்பா சொல்வார். அவர் காலத்துல அது சரி. 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாச்சு. 2024 ஜனவரி கடைசியில இருந்து விழுப்புரம், திண்டிவனம் வழியா வர்ற பெரும்பாலான அரசு பஸ் அங்கேயே நின்னுடுது. அப்புறம் கோயம்பேட்டுல ரூம் போட்டா, போறதுக்கு ஒரு பஸ், வர்றதுக்கு ஒரு பஸ்.

ரயில்ல வர்றவங்களுக்கு ரெண்டு இடம்: தாம்பரம், எழும்பூர். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ல கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்தான், பட்ஜெட்டுக்குத் தகுந்த மாதிரி தேடலாம். ஆபீஸ் எழும்பூர், நுங்கம்பாக்கம், அண்ணா சாலைப் பக்கம்னா இது வசதி. கிண்டி, பரங்கிமலைப் பக்கம்னா தாம்பரம் முதல் பரங்கிமலை வரைக்கும் புறநகர் ரயில் பாதையை ஒட்டித் தேடுங்க. காலையில மின்சார ரயில் பிடிச்சா ஆட்டோ செலவு மிச்சம். ஓஎம்ஆர்னா, ராத்திரி 50 ரூபாய் மிச்சம் பண்ண தூரமா தங்கி, காலையில 250 ரூபாய்க்கு கேப் போடாதீங்க. ஆபீஸுக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற பிஜிக்களைக் கேளுங்க. நிறைய பிஜிக்கள்ல பெட் காலியா இருந்தா நாள் வாடகைக்கும் விடுவாங்க. உங்க டீம்ல யாராவது பிஜில இருந்தா, அங்க "கெஸ்ட்" சார்ஜ் எவ்வளவுன்னு கேளுங்க. லாட்ஜைத் தேடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய இடம் அதுதான்.

மத்த வழிகள், நல்லதும் கெட்டதும்

*ரயில்வே ரிடையரிங் ரூம்:* பெரிய ஸ்டேஷன்கள்ல ரூமும் டார்மிட்டரியும் இருக்கும். ஐஆர்சிடிசி மூலமா புக் பண்ணலாம். ஆனா கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி ஆன டிக்கெட்டோட பிஎன்ஆர் நம்பர் வேணும். சீசன் டிக்கெட்ல வர்றவங்களுக்கு இது உதவாது. 2024 ஜூலை 15-ல இருந்து இதுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

*தோழி விடுதி:* தமிழ்நாடு அரசோட பணிபுரியும் மகளிர் விடுதிகள். கூடுவாஞ்சேரி, தாம்பரம், அடையாறுன்னு நம்ம ரூட்லயே இருக்கு. கூடுவாஞ்சேரியும் கிளாம்பாக்கமும் ஒரே ஜிஎஸ்டி ரோட்டுல பக்கத்துப் பக்கத்துல. மாசக் கணக்குக்கு மட்டும் இல்லாம குறுகிய நாள் தங்குறதுக்கும் இடம் தர்றாங்க. எந்த விடுதியில இடம் இருக்குன்னு முன்கூட்டியே கேட்டுப் பதிவு பண்ணுங்க. விழுப்புரத்துலயும் ஒரு தோழி விடுதி இருக்கு. வெளியூர்ல இருந்து விழுப்புரத்துக்கு வேலைக்கு வர்ற பெண்களுக்கு அது பயன்படும்.

*ரெண்டு பேர் சேர்ந்து ரூம்:* டபுள் ரூம் 1,400, ஜிஎஸ்டியோட 1,470. ஆளுக்கு 735. தனி ரூமோட 945-க்கு 210 ரூபாய் மிச்சம், 46 வாரத்துக்கு 9,660 ரூபாய். ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ் நாளா இருக்கணும், குறட்டையும் ஒத்துப் போகணும்.

*ஒரே பிஜி பெட், ரெண்டு பேர்:* ஒருத்தருக்கு திங்கள், செவ்வாய். இன்னொருத்தருக்கு புதன், வியாழன். வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கலாம், ஆளுக்கு 3,500. மாசம் நாலு ராத்திரிக்கு லாட்ஜ்ல 5,180 ஆகும், அதை விட இது குறைவு. ஓனருக்குத் தெரியாம பண்ணாதீங்க. ரெண்டு பேரோட அடையாள அட்டையும் கொடுத்து, ஒப்புதல் வாங்கிட்டுப் பண்ணுங்க. ஒரு பிரச்சினைன்னு வந்தா, பதிவேட்டுல பேர் இல்லாதவர்தான் மாட்டுவார்.

*சொந்தக்காரங்க வீடு:* விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மா சொல்லல. மாசம் ஒரு தடவை சித்தப்பா வீட்டுக்குப் போனா சந்தோஷம். வாராவாரம் போனா சித்தியோட முகத்தைப் பார்த்தே தெரிஞ்சிடும். பழம், பூ, குழந்தைங்களுக்கு ஸ்நாக்ஸ்னு நீங்க வாங்கிட்டுப் போறதே 300 ரூபாய் தாண்டும். அவசரத்துக்கு அந்த வீட்டை வச்சுக்கங்க, வாராந்திரப் பழக்கமாக்காதீங்க.

*கார் ஷேரிங்:* நாலு பேர் ஒரே கார்ல போறீங்கன்னா ஃபாஸ்டேக் வருஷ பாஸைப் பாருங்க. 2025 ஆகஸ்ட் 15-ல 3,000 ரூபாய்க்கு 200 பயணம்னு இது அறிமுகமாச்சு. விழுப்புரத்துல இருந்து விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு மூணு டோல். போய் வர ஆறு பயணம் கழியும், 33 வாரம் வரும். திண்டிவனத்துல இருந்து ரெண்டு டோல்தான், போய் வர நாலு. 50 வாரம் வரும்.

*சீசன் டிக்கெட்:* தினமும் போறவங்களுக்கான டிக்கெட் இது. பொதுவா 150 கிலோமீட்டருக்குள்ளதான் கொடுப்பாங்க. விழுப்புரம் டு தாம்பரம் அதுக்குள்ள வரும், எழும்பூர் தாண்டிடும். ரிசர்வேஷன் பெட்டியில ஏற முடியாது. வாரம் ஒரு தடவை போறவங்க, தனித்தனி டிக்கெட்டோட விலையையும் சீசன் விலையையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

பில்லுல ஜிஎஸ்டி: ஏமாறாம இருக்க நாலு வரி

2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்னாடி 12 சதவீதம். இன்னும் 12 போட்டு பில் கொடுத்தா கேளுங்க.

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன லாட்ஜ், ஜிஎஸ்டின்னு சொல்லிப் பணம் வாங்கக் கூடாது. பில்லுல 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. அதே லாட்ஜை ஆப்ல புக் பண்ணா மட்டும், அந்த ஆப் கம்பெனியே ஜிஎஸ்டி வசூல் பண்ணிக் கட்டும். அதனால நேர்ல போனா 900, ஆப்ல 945-னு வித்தியாசம் வரலாம். ரெண்டு மூணு தடவை தங்கின இடத்துல, "வாராவாரம் செவ்வாய்க்கிழமை வருவேன், நேரடி ரேட் என்ன?"ன்னு ஓனர்கிட்டயே கேளுங்க. நிரந்தரக் கஸ்டமரை விட யாருக்கும் மனசு வராது.

பிஜிக்கு: ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குள்ள இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினா ஜிஎஸ்டி கிடையாது.

இன்னொண்ணு, செக்-அவுட் நேரம். 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கான்னு புக் பண்றப்பவே கேளுங்க. ராத்திரி ஏழு மணிக்கு வந்து காலையில எட்டு மணிக்குக் கிளம்புறவங்க அரை நாள்தான் தங்குறீங்க. மணிக்கணக்குல ரூம் தர்ற இடம் கிடைச்சா அது உங்களுக்கு லாபம். ஆதார் கேட்டா, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோடு பண்ணிக் கொடுங்க.

பிஜி போட்டா எச்ஆர்ஏ கிடைக்குமா?

பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குக் கிடைக்கும். மூணு தொகையில எது குறைவோ அதுக்கு வரி விலக்கு: கம்பெனி கொடுக்கிற எச்ஆர்ஏ, வாடகையில இருந்து சம்பளத்துல 10 சதவீதம் கழிச்ச தொகை, சென்னைன்னா சம்பளத்துல 50 சதவீதம். இங்க சம்பளம்னா அடிப்படைச் சம்பளமும் டிஏவும். பேசிக் 25,000, எச்ஆர்ஏ 10,000, பிஜி வாடகை 7,000-னா: 7,000 − 2,500 = 4,500. வருஷத்துக்கு 54,000 ரூபாய்க்கு விலக்கு. 20 சதவீத வரி அடுக்குல இருந்தா, செஸ்ஸோட சேர்த்து 11,232 ரூபாய் மிச்சம். 7,000-ல சாப்பாட்டுக் காசும் இருந்தா, வாடகைப் பங்கு மட்டும்தான் கணக்குல வரும். ரசீதுல அதைப் பிரிச்சு எழுதி வாங்குங்க.

கவனிச்சீங்களா? இந்த 11,232 கிடைச்சாலும், லாட்ஜை விட பிஜிக்கு அதிகமாற 24,430 ஈடாகல. வரிச் சலுகைக்காக பிஜி போடாதீங்க.

புதிய வரி முறையில எச்ஆர்ஏ விலக்கே கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து அதுல 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரி இல்ல. சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலைக் கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். இந்தப் பதிவைப் படிக்கிற பெரும்பாலானவங்க அதுக்குள்ளதான் இருப்பீங்க. அப்போ எச்ஆர்ஏ பத்திக் கவலையே வேண்டாம், ராத்திரிக் கணக்கு மட்டும் போதும்.

கடைசியா

வரிசை இதுதான். லெட்டரை எடுத்து பேஸ் லொகேஷன் பாருங்க. எச்ஆருக்கு மெயில் போடுங்க. ஆபீஸ் நாளை அடுத்தடுத்து மாத்தக் கேளுங்க. மாசத்துக்கு எத்தனை ராத்திரின்னு எண்ணி வகுத்துப் பாருங்க. அதுக்கப்புறம்தான் ரூம் தேடுற ஆப்பைத் திறக்கணும். நம்மள்ல பல பேர் ஆப்பை முதல்ல திறந்துடுறோம்.

செலவு உங்களோடதுன்னு முடிவாயிட்டா, அந்த வருஷ 77,970-ஐ சம்பளத்துல இருந்து கழிச்சுட்டுத்தான் உங்க நிஜச் சம்பளம் என்னன்னு பார்க்கணும். அடுத்த அப்ரைசல்ல பேசுறப்போ இந்த எண் கையில இருக்கட்டும். விழுப்புரத்துல இருந்துக்கிட்டு சென்னைச் சம்பளம் வாங்குறோம்னு சந்தோஷப்படுறோம். அதுல எவ்வளவு ஜிஎஸ்டி ரோட்டுலயே செலவாகுதுன்னு தெரிஞ்சுதான் சந்தோஷப்படணும்.

திண்டிவனம் தங்கச்சி இப்போ ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும், ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பில்லை அப்லோடு பண்ணிட்டுத்தான் பஸ் ஏறுறாங்க. நீங்களும் இன்னைக்கு அந்த மூணு கேள்வி மெயிலைப் போட்டுட்டுத் தூங்குங்க.

நம்ம சேனல் வீடியோவுல இந்த வகுத்தலை போர்டுல போட்டுக் காட்டியிருக்கேன், உங்க எண்களோட பார்த்துக்கங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.